லொறி ஓட்டம் கட்டுபடியாகுமா? திருகோணமலைச் சாரதி தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் முறை

கனரக வாகனத்துக்கான சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கும் ஒருவர் திருகோணமலையில் வேலை தேடி நெடுநாள் அலைய வேண்டியதில்லை. சீனக்குடாப் பக்கத்து மாவும் சீமெந்தும் எரிபொருளும், கந்தளாய், தம்பலகாமத்து நெல்லும், மகாவலிக் கரையோரத்து மணலும், கொட்பே துறைமுகத்தில் இறங்கும் மீனும் பெரும்பாலும் லொறியில் ஏறித்தான் மாவட்டத்தை விட்டு வெளியேறுகின்றன. ஆனால் வேலை கிடைப்பது ஒன்று. அந்த வேலை விழுங்கும் நேரத்துக்கும் உடம்புக்கும் ஈடான கூலி கிடைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்விக்கு ஊர் வாய் சொல்லும் பதிலை நம்பி வேலையை ஏற்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். ஒரு கொப்பியும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் உங்கள் பதிலை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன்.

நான் ஒன்பது வருடம் கொழும்பு ஓட்டம் ஓடியவன். முதல் ஏழு வருடத்தில் ஒருநாள்கூட மணிக்கணக்குப் பார்த்ததில்லை. நடைக்கு, அதாவது போய்த் திரும்பும் ஒரு பயணத்துக்கு, இவ்வளவு, மாதத்தில் இத்தனை நடை என்று பெருக்கி வந்த தொகையைச் சம்பளம் என்று நினைத்திருந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கலண்டரில் என் மனைவி ஒவ்வொரு நடைக்கும் இரண்டு நேரங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: நான் வீட்டை விட்டு இறங்கிய நேரம், திரும்பி வந்து செருப்பைக் கழற்றிய நேரம். சோறு எப்போது வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் அவர் அதை எழுதத் தொடங்கினாராம். ஒரு மழை நாளில் வீட்டில் இருந்தபடி அந்த எண்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான், முதலாளியின் புத்தகத்தில் நடை என்று ஒரே சொல்லாக இருந்தது என் வாழ்க்கையில் எத்தனை மணித்தியாலமாக இருந்தது என்று விளங்கியது.

முதலில் நேரத்தை எழுதுங்கள்

கொப்பியில் ஒரு நடைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டை விட்டு இறங்கிய நேரம், ஏற்றுமிடத்தில் வரிசைக்கு வந்த நேரம், லோட் ஏறித் தார்ப்பாய் கட்டி முடித்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், இறக்குமிடத்தை அடைந்த நேரம், இறக்கி முடித்த நேரம், திரும்புவதற்கு லோட் கிடைத்த நேரம், வீட்டுக்கு வந்த நேரம் என்று எட்டு நேரங்களை எழுதினால் போதும். மறந்துபோவீர்கள் என்று தோன்றினால் கைபேசியில் அந்தந்த இடத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். படத்தில் நேரம் பதிவாகிவிடும், பிறகு பார்த்து எழுதலாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள்: ஓட்டிய நேரத்தை மட்டும் வேலை என்று எண்ணுகிறார்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போய் அம்பேபுஸ்ஸவில் கண்டி வீதியில் ஏறும் ஏ6 பாதையில் லோட்டுடன் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். போகவும் வரவும் பதினாறு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நடையின் மொத்த நேரத்தில் அது பாதிகூட இல்லை. மிச்சம் முழுவதும் காத்திருப்பு. வரிசையில் முன்னுக்கு நிற்கும் வண்டி அசையும்வரை, மூடை தூக்கும் நாட்டாமைகள் சாப்பிட்டு வரும்வரை, பண்டகசாலைத் திறப்பு வைத்திருப்பவர் வரும்வரை, நகருக்குள் கனரக வாகனங்களை விடும் நேரம் வரும்வரை, திரும்பிப் போகும்போது வெறும் வண்டியாகப் போகாமல் ஏதாவது ஒரு லோட் கிடைக்கும்வரை காத்திருக்கிறோம். சரக்கை விட்டு அங்கே இங்கே நகர முடியாத நேரம் உங்களுடைய நேரமல்ல, அது வேலை நேரமே. லொறிக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்த நான்கு மணித்தியாலத்தையும் அப்படித்தான் எண்ண வேண்டும்.

இந்தப் பகுதியின் பழைய சாரதிகளுக்கு இது புதிய செய்தியல்ல. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரைக்கும் மறுகரைக்குப் போகிறவர்கள் மிதவைப் பாதை என்ற படகுக்குக் காத்துக்கிடந்தார்கள். பாலம் வந்த பிறகு வழி தூரத்தால் மாறியதைவிட நேரத்தால்தான் மாறியது. இன்று காத்திருப்பு அந்தக் கரையை விட்டு இறக்குமிட வாசலுக்கு இடம்மாறியிருக்கிறது. அதற்கு யாரும் பாலம் கட்டவில்லை.

பிறகு காசை எழுதுங்கள்

அதே பக்கத்தின் கீழே வரவையும் செலவையும் எழுதுங்கள். வரவு என்பது நடைக்காசும், முதலாளி தரும் சாப்பாட்டுக் காசும், எப்போதாவது சரக்குக்காரர் தரும் சந்தோசமும். செலவு என்பது நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் செலவழித்திருக்க மாட்டாத ஒவ்வொரு ரூபாயும்: கடைச் சாப்பாடு, பிளேன்ரீ, குளிக்கவும் கழிவறைக்கும் கொடுத்த காசு, கைபேசி அழைப்பு, உங்கள் தலையில் விழுந்த தண்டப்பணம், ரயர் ஒட்டுப்போடக் கையிலிருந்து கொடுத்துத் திரும்பி வராத தொகை. முதலாளி பிறகு தருவதாகச் சொன்ன காசு கைக்கு வரும்வரை வரவில் ஏறக்கூடாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். இதில் உள்ள கூலித் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் போட்டவை. உங்கள் தொகைகளை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நேரங்கள் என் கொப்பியில் அடிக்கடி வந்த மாதிரியானவை. திங்கட்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறீர்கள். மாவு ஏறித் தார்ப்பாய் கட்ட இரவு 9 மணியாகிறது. 10 மணிக்குப் புறப்பட்டு, செவ்வாய் காலை 6 மணிக்குக் கொழும்பு எல்லையில் நிற்கிறீர்கள். இறக்கி முடிக்கப் பிற்பகல் 1 மணி. திரும்புவதற்கு லோட் கிடைத்து ஏற்றி முடிக்க இரவு 8 மணி. புதன் காலை 4 மணிக்கு ஊருக்கு வந்து, வண்டியை ஒப்படைத்து, 6 மணிக்கு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். மொத்தம் 40 மணித்தியாலம். நடைக்காசு 8,000 ரூபாய், சாப்பாட்டுக் காசு 1,500 ரூபாய், வழியில் உங்கள் செலவு 2,700 ரூபாய் என்றால் கையில் நிற்பது 6,800 ரூபாய். ஓட்டிய 16 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 425 ரூபாய். உண்மையான 40 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 170 ரூபாய். சாரதிகள் தேநீர்க் கடையில் பேசிக்கொள்வது முதல் எண்ணை. குடும்பம் வாழ்வது இரண்டாவது எண்ணில்.

இந்த 170 ரூபாய் கூடவா குறைவா என்று எதனுடன் ஒப்பிடுவது? சட்டம் வைத்திருக்கும் அடிமட்டத்துடன் ஒப்பிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்துக்கு 2025 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச வேதனம் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150 ரூபாய். பத்துத் தொன் சரக்கையும் இன்னொருவரின் பெறுமதியான வண்டியையும் இரவு முழுவதும் பொறுப்பேற்று ஓட்டுகிறவரின் கூலி, நாட்டில் மிகக் குறைந்த கூலியைவிட மணிக்கு 20 ரூபாய்தான் அதிகம் என்பது இந்தக் கணக்கில் வெளிவருகிறது.

மாதத்தைக் கூட்டினால் இன்னும் தெளிவாகும். ஒன்பது நடை என்றால் 360 மணித்தியாலம், கையில் 61,200 ரூபாய். குறைந்தபட்சக் கூலி பெறும் ஒருவர் 26 நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்து, அதற்கு மேலான 152 மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு பெற்றால், 31,200 ரூபாயும் 34,200 ரூபாயும் சேர்ந்து 65,400 ரூபாய் வரும். அதாவது, அதே 360 மணித்தியாலத்துக்குச் சட்டத்தின் ஆகக் குறைந்த கூலிக்காரர் பெறக்கூடிய தொகை சாரதியின் கைக்காசைவிட 4,200 ரூபாய் அதிகம். அறுபதாயிரம் என்று கேட்கும்போது பெரிய சம்பளமாகத் தெரிவது, ஏறக்குறைய இரண்டு பேரின் மாதத்தை ஒரே ஆள் உழைத்துப் பெறும் தொகை என்பதை இந்தக் கூட்டல் காட்டிவிடும். என் கலண்டரைக் கூட்டியபோது எனக்கு ஏற்பட்ட மனவருத்தம் காசு குறைவு என்பதனால் மட்டுமல்ல. பிள்ளை நடக்கத் தொடங்கிய வருடம் அந்த எண்களுக்குள் கிடந்தது.

உங்கள் பக்கங்களில் மணிக்கு 250, 300 ரூபாய் என்று வந்தால் அந்த வேலையை விட்டுவிடாதீர்கள். அப்படித் தரும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் பொதுவாக ஏற்றுமிடமும் இறக்குமிடமும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும்.

ஒரு மாதத்தைப் பார்த்து வருடத்தை முடிவு செய்ய வேண்டாம். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நெல் லோட்டுக்கு வண்டி போதாது. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் லொறிகளுக்கு ஓய்வு இருக்காது. வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மணல் ஓட்டமும் கட்டட வேலையும் படுத்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் நாட்டின் பல வீதிகள் அறுந்து கிடந்த நாட்களில், நடைக்காசை மட்டும் நம்பியிருந்தவருக்கு வரவு எதுவும் இருக்கவில்லை. எனவே மார்ச் மாதப் பக்கங்களை மார்கழிப் பக்கங்களுடன் சேர்த்துப் பார்த்துத்தான் சராசரி எடுக்க வேண்டும். மாதச் சம்பளமாக ஒரு அடிப்படைத் தொகையும் அதற்கு மேல் நடைக்காசும் தருகிற இடம், நடைக்காசை மட்டும் உயர்த்தித் தருகிற இடத்தைவிட வருடக் கணக்கில் நல்லது என்பது என் அனுபவம்.

வேலையை ஏற்க முன் கேட்க வேண்டியவை

நடைக்காசு எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானவற்றைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வெறும் வண்டியாகத் திரும்பினால் காசு குறையுமா? இறக்குமிடத்தில் ஒரு நாள் முழுவதும் மறித்து வைத்தால் காத்திருப்புக் காசு உண்டா? உதவியாளரின் கூலியை யார் கொடுப்பது? நிறைக்கு மேல் ஏற்றச் சொன்னவர் முதலாளியாக இருக்க, தண்டப் பத்திரம் சாரதியின் பெயரில் எழுதப்பட்டால் அதைக் கட்டுவது யார்? கடைசிக் கேள்வி மணல் டிப்பர் ஓட்டப் போகிறவர்களுக்கு மிக முக்கியம். மணல் அகழவும் கொண்டுசெல்லவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமலோ, திகதி கடந்த பத்திரத்துடனோ போகும் வண்டியை மறித்தால் கைதாகி நீதிமன்றத்தில் நிற்பது ஆசனத்தில் இருந்தவர்தான். பத்திரத்தை உங்கள் கண்ணால் வாசிக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

நடைக்காசுக்குப் பதிலாக ஹயரில், அதாவது சரக்குக்காரர் முதலாளிக்குத் தரும் வாடகையில், பங்கு தருவதாகச் சொன்னால், அந்தப் பங்கு டீசல் செலவைக் கழிக்க முன்னா கழித்த பின்னா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாய். அதே வருடம் ஜூன் இறுதியில் 460 ரூபாய். ஹயர் அந்த வேகத்தில் ஏறவில்லை. டீசல் கழித்து மிஞ்சியதில் பங்கு வாங்கியவர்கள், விலையைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் இல்லாமல், விலையேற்றத்தின் சுமையில் மட்டும் பங்காளிகளானார்கள்.

சரக்குச் சேதத்தைப் பற்றியும் கேளுங்கள். ஒரு கார்த்திகை இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், காட்டு ஓரத்தில் யானைகள் நின்றதால் விளக்கைத் தாழ்த்தி மழைக்குள் வெகுநேரம் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. தார்ப்பாயில் பழைய தையல் ஒன்று விட்டிருந்தது. அதை மாற்றித் தரும்படி நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். விடிந்து பார்த்தபோது மேல் அடுக்கில் மூன்று மூடை மாவு நனைந்து, விரலால் அழுத்தினால் களிமண் போல உள்ளே போனது. மூன்று மூடையின் விலையும் என் நடைக்காசில் கழிக்கப்பட்டது. அந்த முதலாளியின் பெயர் இங்கே தேவையில்லை. சம்பளத்தில் எதைக் கழிக்கலாம், எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் வரையறை இருக்கிறது என்பதும், மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று தனியே ஒரு சம்பளச் சபை இருக்கிறது என்பதும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொழில் அலுவலகத்துக்குப் போயிருப்பேன். புறப்படும் முன் தார்ப்பாய், கயிறு, ரயர் ஆகியவற்றின் குறையைப் படமெடுத்து முதலாளிக்கு வாட்சப்பில் அனுப்பி வைப்பது இன்று உங்களுக்கு இலவசம். பின்னால் பேச்சு வந்தால் அதுவே சாட்சி.

சேமலாப நிதியைக் கணக்கில் சேருங்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாத நட்டம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியின் கையிலிருந்து 12 வீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். பல இடங்களில் நடப்பது என்னவென்றால், அடிப்படைச் சம்பளம் என்று ஒரு சிறிய தொகையைக் காட்டி அதற்கு மட்டும் கட்டிவிட்டு, நடைக்காசைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுப்பது. ஆனால் மேலதிக நேரக் கொடுப்பனவுதான் சேமலாப நிதிக் கணக்கில் சேராது. செய்த வேலையின் அளவுக்குத் தரும் கூலி சேரும். நடைக்காசு அப்படிப்பட்ட கூலியே.

மேலே சொன்ன உதாரணத்தில் ஒன்பது நடைக்கு 72,000 ரூபாய். முதலாளி 30,000 ரூபாய்க்கு மட்டும் கட்டினால் 42,000 ரூபாய் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அதற்கு அவர் கட்டத் தவறிய 12 வீதம் 5,040 ரூபாய், 3 வீதம் 1,260 ரூபாய். மாதத்துக்கு 6,300, வருடத்துக்கு 75,600, பத்து வருடத்துக்கு வட்டி சேராமலே 756,000 ரூபாய். ஐம்பத்தைந்து வயதில், முதுகும் முழங்காலும் கிளச்சை மிதிக்க மறுக்கும் காலத்தில், கையில் இருக்க வேண்டிய காசு அது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி என்பதால் உங்கள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கே சட்டப்படி உரியது. நான்கு லொறி வைத்திருக்கும் முதலாளியிடம் பெரும்பாலும் அதை எதிர்பார்க்க முடியாது.

சொந்த லொறி வாங்குவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், லீசிங் தவணை, காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ், ரயர், எஞ்சின் ஒயில் ஆகியவற்றைப் பன்னிரண்டால் பிரித்து மாதச் செலவில் சேர்த்த பிறகு, உங்களுக்கென்று ஒரு சாரதிச் சம்பளத்தையும் அதே செலவில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால்தான் வண்டி உழைக்கிறது. மிஞ்சாவிட்டால் வண்டியை நீங்கள் சுமக்கிறீர்கள். ஒரு வருடமாவது பிறருக்கு ஓடி, இந்தக் கொப்பியை நிரப்பாமல் லீசிங் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொப்பியை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போவது

ஒரு மாதம் நிறைந்த பிறகு அந்தக் கொப்பியை முதலாளியிடம் கொண்டுபோங்கள். சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள் என்று மொட்டையாகக் கேட்டால், “பிறகு பார்ப்பம் தம்பி” என்ற பதில்தான் வரும். எனக்குப் பல வருடங்கள் வந்தது. நேரத்தைக் காட்டிக் கேட்டால் பேச்சு வேறு விதமாகப் போகும், ஏனென்றால் லொறி வாசலில் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்கும் நட்டம். மாதத்தில் எட்டு மணித்தியாலக் காத்திருப்பு எத்தனை தடவை, எந்த இறக்குமிடத்தில் என்று காட்டுங்கள். வண்டி ஓடாத நாளில், அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காத நேரத்தில் போங்கள். கேட்பதை ஒன்றாகவோ இரண்டாகவோ வைத்துக்கொள்ளுங்கள்: காத்திருப்புக் காசு, அல்லது நடைக்காசைச் சேமலாப நிதிக் கணக்கில் காட்டுவது.

என் கடைசி இரண்டு வருடமும் நான் ஓடியது வேறொருவரிடம். அவரிடம் ஒரு மாதத்துப் பக்கங்களைக் காட்டியபோது, “முதலாளி, இந்த நாலு இடத்திலதான் வண்டி நிக்குது” என்று மட்டும் சொன்னேன். அவர் பக்கங்களை இரண்டு தடவை புரட்டினார். பிறகு கைபேசியை எடுத்து, கொழும்பு புறக்கோட்டையில் இருந்த ஒரு சரக்குக்காரரிடம், இனி வண்டி வந்து ஆறு மணித்தியாலத்துக்குள் இறக்காவிட்டால் காத்திருப்புக் காசு போடப்படும் என்று என் முன்னாலேயே சொன்னார். அதில் பாதி எனக்கு என்று பேசிக்கொண்டோம். அடுத்த மாதம் அந்த இறக்குமிடத்தில் என் வண்டி ஒருநாள்கூட ஆறு மணித்தியாலம் நிற்கவில்லை. காத்திருப்புக் காசாக ஒரு ரூபாயும் வரவில்லை, ஆனால் ஒன்பது நடையும் 300 மணித்தியாலத்துக்குள் முடிந்தன.